கண்ணாடி போட மறுத்த சிறுவன்

பெற்றோரே ஆசிரியர் ஆன கதை

மூன்றரை வயதுப் பையன். மூக்குக்கண்ணாடி போட வேண்டும். போட மாட்டேன் என்கிறான். மாட்டிவிட்டால் பிடுங்கி எறிகிறான்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எந்த வீட்டில்தான் பிள்ளை அடம் பிடிக்கவில்லை?

ஆனால் இந்தப் பையனின் கதை வேறு. இன்னும் ஆறு மாதத்துக்குள் கண்ணாடி போடப் பழகாவிட்டால், அவனுடைய கூர்மையான பார்வை நிரந்தரமாகப் போய்விடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். பெற்றோர் ஓர் ஆண்டுக்கு மேல் போராடிப் பார்த்துவிட்டார்கள். கெஞ்சினார்கள். பலன் இல்லை.

இது நடந்தது அமெரிக்காவில், வாஷிங்டன் மாகாணத்தில், 1960-களின் தொடக்கத்தில். ஆராய்ச்சிக் கட்டுரையில் பையனுக்கு "டிக்கி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

டிக்கி கைக்குழந்தையாக இருந்தபோதே கண்ணில் புரை கண்டது. இரண்டாம் வயதில் ஆபரேஷன்கள் செய்து, இரு கண்களிலும் இருந்த வில்லைகளை எடுத்துவிட்டார்கள். வில்லை இல்லாத கண்ணுக்குக் கண்ணாடிதான் வில்லை.

கண்ணோடு போகவில்லை கஷ்டம். டிக்கிக்கு ஆட்டிசமும் இருந்தது. கோபம் வந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். தன் கன்னத்திலேயே அறைந்துகொள்வான். முகத்தைப் பிறாண்டிக்கொள்வான். இரவில் தூங்க மாட்டான். தாயோ தந்தையோ கட்டில் அருகே காவல் இருக்க வேண்டும். பேச்சும் சரியாக வரவில்லை.

ஆட்டிசம் என்பது நோய் அல்ல. யாரோ செய்த பாவத்தின் பலனும் அல்ல. தாயின் வளர்ப்புக் குறையும் அல்ல. மூளை வேறு விதமாக வளர்கிறது. அவ்வளவுதான். பேசுவதும், பிறரோடு கலந்து பழகுவதும் இக்குழந்தைகளுக்குச் சிரமம். சிலருக்குச் சின்னச் சத்தம்கூட இடி போலக் கேட்கும். அரசாங்கக் காகிதங்களில் இதைப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. சிந்தனை இருக்கிறது. வெளியே சொல்லும் வழிதான் எளிதில் அகப்படுவதில்லை.

காலிச் சட்டம், ஒரு "க்ளிக்"

ஆஸ்பத்திரியில் டிக்கியைச் சேர்த்தார்கள். யோசனை சொல்ல மூன்று மனோதத்துவ நிபுணர்களை அழைத்தார்கள். மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் என்பவர்கள் அவர்கள். வுல்ஃபும் ரிஸ்லியும் அப்போது இளைஞர்கள்.

அவர்கள் டிக்கியைப் பிடித்து உட்கார வைத்துக் கண்ணாடியை மாட்டவில்லை. வேறு ஒன்று செய்தார்கள்.

முதலில் ஒரு விளையாட்டுச் சாமான். அழுத்தினால் "க்ளிக்" என்று சத்தம் வரும். சத்தம் வந்தவுடன் டிக்கிக்கு ஒரு மிட்டாயோ, பழத்துண்டோ கிடைக்கும். சில நாளில் பையன் தெரிந்துகொண்டான். சத்தம் கேட்டால் தின்பண்டம் வரும்!

பிறகு அறையில் இங்கும் அங்கும் வெறும் கண்ணாடிச் சட்டங்களைப் போட்டு வைத்தார்கள். அவற்றில் கண்ணாடியே இல்லை. டிக்கி ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தான். க்ளிக்! ஒரு பழத்துண்டு. கையில் வைத்துக்கொண்டு நடந்தான். க்ளிக்! முகத்துக்கு அருகே கொண்டுபோனான். க்ளிக்!

இதைப் படிக்கும்போது சுலபமாக இருக்கிறது. நடந்தபோது சுலபமாக இல்லை. வாரக்கணக்கில் முன்னேற்றம் ஊர்ந்தது. பையன் சட்டத்தைக் கண் வரை கொண்டுவருவான். காதில் மாட்டத் தெரியாது. தலைகீழாக வைத்துக்கொள்வான். பெரியவர்கள் போடும் பெரிய சட்டத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள். நழுவாமல் இருக்க மேலே ஒரு கம்பியைச் சேர்த்துப் பார்த்தார்கள். மிட்டாயில் அவனுக்கு ஆசை குறைந்ததும், சாப்பாட்டு வேளையையே பாட வேளை ஆக்கினார்கள். ஒரு வாய் உணவு, ஒரு சிறு முன்னேற்றம். பிறகு ஐஸ்கிரீம்.

ஒரு நாள் கண்ணாடி ஏறியது. டிக்கி அதன் வழியே உலகத்தைப் பார்த்தான். அதன் பிறகு தின்பண்டம்தான் வேண்டும் என்பது இல்லை. கண்ணாடியைப் போட்டால் உலாவப் போகலாம் என்றாலே போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் புறப்பட்டபோது நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அவன் மூக்கில் கண்ணாடி இருந்தது.

இடையில் ஒரு வேடிக்கை. கண்ணாடியைத் தூக்கி எறிவதே அவனுக்கு ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. தினம் சுமார் இரண்டு தடவை எறிவான். எறிந்தவுடன் பத்து நிமிடம் தன் அறையில் தனியாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஐந்து நாளில் எறிவது நின்றது. நிபுணர்கள் சும்மா இருந்தார்களா? இந்த ஏற்பாடுதான் காரணமா என்று பார்க்க, அதை நிறுத்தினார்கள். எறிதல் திரும்பவும் தலைகாட்டியது! மறுபடியும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

பெற்றோருக்கும் பாடம்

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு நிபுணர்கள் மட்டும் காரியம் பார்க்கவில்லை. தாயும் தந்தையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முதலில் ஒரு மணி நேரம். பையனோடு எப்படி நடந்துகொள்வது என்று அங்கே இருந்த பணியாளர் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு டிக்கி வீட்டுக்குப் போய் வந்தான். பணியாளரும் கூடப் போனார். தூங்க வைப்பது, ரகளையைச் சமாளிப்பது, பேசச் சொல்லித் தருவது எல்லாவற்றையும் பெற்றோர் கற்றுக்கொண்டார்கள்.

டிக்கி வீடு திரும்பி ஆறு மாதம் கழித்துத் தாயிடம் கேட்டார்கள். கண்ணாடி போடுகிறான், ரகளை இல்லை, தூங்குகிறான், நாளுக்கு நாள் பேச்சு கூடுகிறது, வீட்டுக்கே அவனால் மகிழ்ச்சி என்று தாய் தெரிவித்தார். 1964-ல் இந்த விவரங்கள் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தன. பின்னர் டிக்கி பல்கலைக்கழகத்தின் பாலர் வகுப்பில் சேர்ந்தான். அதன் பிறகு பொதுப் பள்ளிக்கும் போனான்.

இந்த முறைக்கு "அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்" என்று பெயர். சுருக்கமாக ஏ.பி.ஏ. 1968-ல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பெயர் நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். பிள்ளை ஒரு செயலைச் செய்கிறான். அதற்கு முன்னால் என்ன நடந்தது? பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது? இந்த இரண்டையும் கவனித்து, மாற்ற வேண்டியதை மாற்றுவது. இதுதான் ஏ.பி.ஏ.

ஆட்டிசக் குழந்தைக்கு மட்டும் உரிய முறை அல்ல இது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கும், வீட்டுப்பாடம் என்றாலே ஓடும் பிள்ளைக்கும் உதவும்.

கெடுத்தது யார்? அத்தை!

1959-ல் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதில் வரும் குழந்தைக்கு வயது 21 மாதம். பிறந்து ஒன்றரை ஆண்டு வரை கடும் நோயில் கிடந்து பிழைத்த குழந்தை. அதனால் வீட்டில் செல்லம் அதிகம். தூங்க வைத்துவிட்டு யாராவது அறையை விட்டு வெளியே போனால் வீறிடும். ஆகவே தினமும் அரை மணி முதல் இரண்டு மணி வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குழந்தையின் உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, பெற்றோர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அன்பாகத் தூங்க வைப்பது, வெளியே வருவது, அழுதாலும் உள்ளே போகாமல் இருப்பது. முதல் தடவை 45 நிமிடம் அழுகை. நாளாக ஆக அழுகை குறைந்தது. பத்தாவது தடவை சிணுங்கல்கூட இல்லை. சிரித்துக்கொண்டே படுத்தது.

ஒரு வாரம் கழிந்தது. அன்று தூங்க வைத்தது, அந்த வீட்டிலேயே இருந்த அத்தை. குழந்தை கொஞ்சம் முரண்டியது. அத்தையின் மனம் கேட்குமா? உள்ளே போய், தூங்கும் வரை பக்கத்திலேயே இருந்தாள். மறுநாள் பழைய வீறிடல் திரும்பிவிட்டது! பெற்றோர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறையும் வென்றார்கள். அதன் பின் இரண்டு ஆண்டுக் காலம் அந்தத் தொல்லை இல்லை.

நம் வீடுகளில் அத்தை மட்டுமா? தாத்தா, பாட்டி, சித்தி, மாமா எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி லாபம் இல்லை. அவர்களையும் உட்கார வைத்து, இன்னது செய்யப் போகிறோம், காரணம் இது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவர் "இல்லை" என்று சொன்னதை மற்றவர் கொடுத்தால், பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும்!

ஓர் எச்சரிக்கை. அழுகையைக் கவனியாமல் இருப்பது எல்லா அழுகைக்கும் பொருந்தாது. காது வலி, பல் வலி, பசி, பயம், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை என்று முதலில் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். இந்த முறையில் அழுகை குறைவதற்கு முன் சில நாள் கூடவும் செய்யும். டிக்கியைப் போலத் தன்னையே அடித்துக்கொள்ளும் குழந்தையாக இருந்தால், நிபுணரின் துணை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வீட்டில் தொடங்குவது எப்படி? செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஒரு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம். எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள். ரகளை எத்தனை மணிக்கு வந்தது? அதற்கு முன் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தான்? உடனே நாம் என்ன செய்தோம்? எழுதப் படிக்க இப்போதுதான் கற்றவர்கள்கூட நாலு சொல்லில் எழுதிவிடலாம்.

என் அக்காள் மகனுக்கு ஐந்து வயது. மாலை முழுவதும் ரகளை என்று அக்காள் சொல்லிக்கொண்டே இருப்பாள். எழுதிப் பார் என்றேன். ஆறு நாளில் ஏழு ரகளை. அதில் ஐந்து, பாட்டி கையில் இருக்கும் செல்போனை வாங்கி வைத்துவிட்டுச் சிலேட்டைக் கொடுத்த அந்த நிமிடத்தில் வந்தவை. மாலை முழுவதும் என்று நினைத்தது தப்பு. நாளுக்கு ஒரே ஒரு நேரம்! மறுவாரம் சிலேட்டு முதலில் வந்தது, ஐந்தே நிமிடம். செல்போன் பிறகு வந்தது. ரகளை இரண்டாகக் குறைந்தது.

இதற்கு அமெரிக்காவில் "பாட்டி விதி" என்று பெயர்! டேவிட் பிரிமாக் என்ற நிபுணர் 1959-ல் இதை ஆராய்ந்து எழுதினார். பிள்ளைக்குப் பிடித்த காரியத்தைப் பிடிக்காத காரியத்துக்குப் பின்னால் வைத்தால், பிடிக்காததும் நடக்கும். சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போ என்று நம் பாட்டிமார் எந்தக் காலத்திலோ சொன்னதுதான்.

அடுத்தது, ஒரே ஒரு சின்னக் காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் படிக்க வேண்டும் என்பது காரியம் அல்ல, கனவு. பனியனைத் தானே போட்டுக்கொள்வது ஒரு காரியம். "அ" என்ற எழுத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவது ஒரு காரியம்.

பனியனையே எடுத்துக்கொள்வோம். தலையை நுழைப்பது, வலது கை, இடது கை, கீழே இழுத்து விடுவது. நான்கு படிகள். நாம் சாதாரணமாக முதல் படியிலிருந்து சொல்லித் தருவோம். பிள்ளை தலையில் மாட்டிக்கொண்டு திணறும். அழும். நாமே போட்டுவிடுவோம். தினம் தோல்வி.

கடைசியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மூன்று படியை நீங்களே செய்யுங்கள். கீழே இழுத்து விடுவதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். இழுத்தான்! பனியன் போட்டாயிற்று! உடனே பாராட்டுங்கள். நாலைந்து நாளில் அது கைவந்ததும், இடது கையையும் அவனுக்கு விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிள்ளை வெற்றியில்தான் முடிக்கிறான். சட்டைப் பொத்தான், செருப்பு வார், கை கழுவுவது எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும்.

எழுத்து சொல்லித் தரும்போது "அ", "ஆ" இரண்டையும் ஒன்றாக நீட்டாதீர்கள். நமக்கு வேறு வேறாகத் தெரிகிறது. குழந்தையின் கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். முதலில் "அ" அட்டை ஒன்று மட்டும் இருக்கட்டும். பிறகு பக்கத்தில் ஒரு வெற்று அட்டை. பிறகு "ட". அதில் தவறாமல் காட்டினால், கடைசியில் "ஆ". தவறு செய்ய இடமே கொடுக்காமல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

கை உதவியும் அப்படித்தான். தொடக்கத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டலாம். பிறகு முழங்கையை இலேசாகத் தொட்டால் போதும். பிறகு விரலால் சுட்டினால் போதும். பிறகு கண்ணால் பார்த்தால் போதும். உதவியைக் குறைக்க மறந்தால், நாம் தொடாமல் பிள்ளை எழுதவே மாட்டான். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

ஐந்து நிமிடம் பாடம். பிறகு விளையாட்டு. மறுபடி ஐந்து நிமிடம். ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கடைசியில் அடி கொடுத்து முடிப்பதைவிட, தெரிந்த ஓர் எழுத்தைக் கேட்டுச் சிரிப்போடு முடிப்பது மேல்.

பாராட்டு எப்படி இருக்க வேண்டும்? உடனே இருக்க வேண்டும். டிக்கியின் "க்ளிக்" சத்தம் எதற்கு? எந்த நொடியில் எந்தச் செயல் சரி என்று காட்டுவதற்கு. இரவு அப்பா வந்ததும் சொல்கிறேன் என்றால் சின்னப் பிள்ளைக்குப் புரியாது. "சமத்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பனியனை நீயே இழுத்து விட்டாயே!" என்றால், எதற்குப் பாராட்டு என்று தெரிகிறது. பரிசு மிட்டாயாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. ஒரு பிள்ளைக்கு ஊஞ்சல் பிடிக்கும். ஒரு பிள்ளைக்குத் தண்ணீரில் கை அளைவது பிடிக்கும். சிலருக்குக் கட்டிப் பிடித்தால் பிடிக்காது. அவர்களைக் கட்டிப் பிடிப்பது பரிசு அல்ல, தண்டனை!

ரகளை ஒரு பேச்சு

1985-ல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இருவர் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். பாட வேளையில் ரகளை செய்யும் குழந்தைகளைக் கவனித்தார்கள். சிலர், பாடம் கஷ்டமாக இருக்கும்போது செய்தார்கள். சிலர், பெரியவர்களின் கவனம் வேண்டும் என்று செய்தார்கள். தண்டிக்கவில்லை. கஷ்டப்பட்ட பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக் கொடுத்தார்கள். கவனம் கேட்ட பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கிறது என்றதும் ரகளை வெகுவாகக் குறைந்தது.

பேச்சு வராத பிள்ளையானால், ஒரு படத்தைக் காட்டவோ, கையால் சைகை செய்யவோ கற்றுக் கொடுக்கலாம். "தண்ணீர்", "போதும்", "உதவி" இந்த மூன்றும் முதலில் வேண்டும். அதிலும் "போதும்" மிக முக்கியம்.

மறுபக்கமும் உண்டு

ஏ.பி.ஏ.யின் வரலாறு முழுவதும் வெல்லப்பாகு அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

1960-களில் கலிபோர்னியாவில் இவார் லோவாஸ் என்ற பேராசிரியர் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார். அங்கே அடியும், மின்சார அதிர்ச்சியும்கூடப் பயன்படுத்தப்பட்டன. 1987-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி. 19 குழந்தைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போல ஆனார்கள் என்று எழுதினார். உலகம் முழுவதும் பெற்றோர் அந்த 40 மணியின் பின்னால் ஓடினார்கள். கடன் வாங்கியும் ஓடினார்கள்.

அப்படிப் பயிற்சி பெற்ற குழந்தைகளில் சிலர் இன்று பெரியவர்கள். அவர்கள் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். மகிழ்ச்சியில் கையை உதறினேன், அதைக்கூட நிறுத்தச் சொன்னார்கள் என்கிறார்கள். கண்ணைப் பார் என்று வற்புறுத்தினார்கள், அது எனக்கு வேதனையாக இருந்தது என்கிறார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. கை உதறுவதால் யாருக்கு நஷ்டம்? அது அவனுக்கு ஆறுதல் என்றால் உதறட்டுமே!

டிக்கிக்கு உதவிய வுல்ஃப் 1978-ல் ஒரு கட்டுரை எழுதினார். நாம் வைத்திருக்கும் குறிக்கோள் நல்லதுதானா, முறை பிடித்திருக்கிறதா, பலன் திருப்தியா என்று சம்பந்தப்பட்டவர்களையே கேட்க வேண்டும் என்றார். டிக்கிக்குக் கண்ணாடி கற்றுக் கொடுத்தது அவன் பார்வைக்காக. ஊரார் கண்ணுக்கு அழகாக இருக்க அல்ல.

இன்னொன்று. டிக்கிக்குச் சாப்பாட்டு வேளையில் பாடம் நடத்தியதை இன்று யாரும் வீட்டில் செய்யக் கூடாது. பசிக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு பரிசு அல்ல. அது அவனுக்கு உரியது. அடியும் வேண்டாம். இருட்டறையும் வேண்டாம்.

எங்கே கேட்பது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் இடம் பெற்றிருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. பல மாவட்டங்களில் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து, குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதிக்கும் மையங்கள் உண்டு. இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "எல்லாம் தானே வரும்" என்று காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பணம் வாங்கிப் பயிற்சி தரும் இடங்களும் ஊர்தோறும் முளைத்திருக்கின்றன. நல்லவையும் உண்டு, மற்றவையும் உண்டு. இத்தனை மாதத்தில் ஆட்டிசத்தைக் "குணப்படுத்துவோம்" என்று பலகை தொங்கினால் அந்தப் படியில் ஏறாதீர்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பயிற்சி நடக்கும்போது நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? வீட்டில் செய்ய எனக்கும் சொல்லித் தருவீர்களா?" டிக்கியின் தாய் தந்தைக்கு அறுபது ஆண்டுக்கு முன்பே அந்த இடம் கிடைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையை விட்டுவிட்டு வெளியே இருங்கள் என்று சொல்கிறவர்களிடம் பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டாம்.